இன்குபேட்டருக்குச் சாம்பிராணி

போன வருட ஆயுத பூஜை அன்று, திண்டுக்கல்லில் ஒரு குழந்தைப்பேறு சிகிச்சை மையத்தில் நடந்தது இது. ரத்தக்கொதிப்புக்கு ஏற்கெனவே இரண்டு மாத்திரை சாப்பிடுகிறவன் நான். இதை நினைத்தால் மூன்றாவது தேவைப்படுகிறது.

என் மருமகள் விலங்கியல் படித்தவள். அந்த மையத்தின் ஆய்வகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தாள். முட்டையையும் உயிரணுவையும் உடலுக்கு வெளியே சேர்த்து, கருவாக்கி, சில நாள் இன்குபேட்டரில் வளர்த்து, பிறகு கருப்பையில் வைப்பார்களே, அந்த வேலை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி, முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியால் ஒரே ஒரு உயிரணுவை முட்டைக்குள் செலுத்தப் பழக வேண்டும். கை நடுங்கக் கூடாதென்று காபியையே விட்டாள். வாசனையும் புகையும் கருவுக்கு ஆகாதாம். பவுடர், சென்ட் எதுவும் கிடையாது. மல்லிகை மலிந்த ஊரில் புதுப்பெண் பூ வைக்காமல் பஸ் ஏறினால் தெருவில் என்னைத்தானே கேட்பார்கள்? எனக்கு அது எரிச்சல். இன்றும் எரிச்சல்தான்.

பூஜைக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். மகன் வெளியூரில் இருப்பதால் நான் போனேன். வரவேற்பறையில் நாற்காலிகள் பதினாறு, ஆட்கள் இருபத்து மூன்று. மின் மீட்டர் கணக்கெடுத்தே ஓய்வு பெற்றவன். எண்ணாமல் இருக்க முடியாது. சிகிச்சைக்கு வந்தவர்களும் இருந்தார்கள். டாக்டர் அம்மா இன்னும் வரவில்லை. ஆய்வகத்தின் மூத்தவர் பண்டிகைக்கு ஊருக்குப் போய், பொறுப்பை இவளிடம் விட்டிருந்தார்.

மேனேஜர் தூபக்காலும் கையுமாக ஸ்கேன் மெஷின், கம்ப்யூட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்து, புகை காட்டி, கடைசியில் ஆய்வகத்துக்கு வந்தார். மருமகள் கதவை மறித்து நின்றாள்.

"தள்ளும்மா. வருசா வருசம் போடுறதுதான்."

"போன வருசம் இது ஸ்டோர் ரூம் சார். இப்ப உள்ள கரு இருக்கு. புகை ஆகாது."

"செத்த நேரம் காட்டிட்டு வந்துர்றேன். சாமி புகைக்கு மெஷின் செத்தா போகும்?"

"மெஷின் சாகாது சார்."

அவ்வளவுதான் சொன்னாள். சத்தம்கூடப் போடவில்லை. மேனேஜர் முகம் கறுத்துப்போய் என் பக்கம் திரும்பினார்.

"பழக வந்த புள்ள எனக்கே பாடம் நடத்துது. பெரியவர் நீங்களாச்சும் சொல்லுங்கய்யா."

"சொல்றேன். மொதல்ல அந்தத் தூபக்கால வெளிய கொண்டுபோய் வைங்க" என்றேன்.

அதற்குள் குஜிலியம்பாறைப் பக்கமிருந்து வந்த ஒரு பெண் எழுந்துவிட்டாள். மறுநாள் அவளுக்குக் கரு வைப்பதாக இருந்ததாம். "எங்களுதும் உள்ளதான் இருக்கா தாயி?" என்று கேட்டாள். மருமகள் தலையசைத்ததும், தலையிலிருந்த பூவைக் கழற்றிப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு வந்து, அவளோடு சேர்ந்து கதவை மறித்தாள். "ஏலே, அம்மணிக போராட்டம் போலருக்கு" என்று பின்னால் ஒருவன் சிரித்தான். நான் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். மேனேஜர் திரும்பிப் போனார்.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதவே மாட்டேன். டாக்டர் அம்மா வந்தார். புகை உள்ளே போயிருந்தால் என்ன ஆகுமென்று அங்கே அவரைவிட அறிந்தவர் யார்? ஆனாலும் மருமகளைத் தனியே கூப்பிட்டு, "நீ செஞ்சது சரிதான். ஆனா நல்ல நாள்ல பத்துப் பேர் முன்னாடி அவர அவமானப்படுத்தியிருக்க வேண்டாம். மன்னிப்புக் கேட்டுரு, அப்புறம் ஊசி பழகலாம்" என்றாராம்.

"கேக்காதம்மா" என்றேன் நான்.

"கேட்டாத்தான் மாமா அந்த மைக்ராஸ்கோப் முன்னாடி உக்கார முடியும். அதுக்குத்தான இம்புட்டு நாளா வாரேன்" என்றாள். போய்க் கேட்டாள். மேனேஜர், "பரவால்ல, சின்னப் புள்ள" என்று பெருந்தன்மையாகத் தலையாட்டினாராம். அடுத்த வாரமே, பூவும் புகையும் உள்ளே கூடாது என்று ஆய்வகக் கதவில் பலகை மாட்டினார்கள். கீழே மேனேஜர் கையெழுத்து. இவளிடம் ஒரு வார்த்தை இல்லை.

பயிற்சியை முடித்து இப்போது அங்கேயே வேலையில் இருக்கிறாள். அந்தப் பெண்ணுக்குக் கரு தங்கியதா என்று கேட்டேன். "அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது மாமா" என்றாள். அதுவும் சரிதான்.

எனக்குச் சாமியிடம் கோபமில்லை; எங்கள் வீட்டிலும் வருடா வருடம் பூஜை உண்டு. முட்டைக்கு வலிக்காமல் ஊசி செலுத்த ஒரு பெண்ணுக்கு அத்தனை பொறுமையாகக் கற்றுக் கொடுத்தவர்கள், அவள் சரியாகச் சொன்ன ஒரு "கூடாது"வைக் கேட்டுக்கொள்ளத் தாங்கள் மட்டும் ஏன் கற்கவில்லை என்பதற்கு எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.