சிறுவாணி குடித்த சுவர்

தொண்ணூறுகளில் கோவையில் சொந்த வீடு கட்டிய ஒவ்வொருவருக்கும் வீட்டில் ஏதாவது ஒன்றைப் பற்றிப் பெருமை இருக்கும். என் வீட்டுக்காரருக்கு அது போர் தண்ணீர். மோட்டார் பம்பு பட்டறையில் வேலை பார்க்கிறவர், கேட்கவா வேண்டும்? வீடு பார்க்க வருகிறவர்களுக்குச் சாமி அறையைக் காட்டும் முன்னால் மோட்டாரைப் போட்டுக் காட்டுவார். அஸ்திவாரத்திலிருந்து வெளிப்பூச்சு வரை அந்தத் தண்ணீரிலேயே கட்டி முடித்த வீடு எங்களுடையது.

மேற்குப் பக்க அறையில் நான் தையல் மெஷின் போட்டிருந்தேன். ஆடி மாதத்தில் பாலக்காட்டுப் பக்கமிருந்து வருகிற சாரல் நேராக அந்தச் சுவரில் வந்துதான் அறையும். குடிவந்து சில வருடங்களிலேயே வெளிப்பூச்சு அப்பளம் போல உப்பி, வெள்ளை வெள்ளையாகப் பூத்து, உதிர ஆரம்பித்தது. ஈரம் உள்ளேயும் இறங்கியது. நானும் தினம் காலையில் உதிர்ந்ததைப் பெருக்கித் தள்ளிவிட்டு, மெஷினைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படிக் காலம் தள்ளியதற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பக்கத்துத் தெரு டீச்சரம்மாவின் மூத்த மகளுக்கு நிச்சயதார்த்தம். பட்டு ஜாக்கெட்டைத் தைத்து முடித்து ஆணியில் மாட்டியிருந்தேன். அடித்த சாரலில் சுவரின் ஈரம் ஏறி, முதுகுப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. என்ன செய்தும் போகவில்லை. அந்தம்மா திட்டியிருந்தால் நானும் அழுது தீர்த்திருப்பேன். அவர் திட்டவில்லை. "பரவால்லீங்க கண்ணு" என்று சொல்லிவிட்டு, இன்னும் தைக்காமல் கிடந்த மற்றத் துணிகளையும் பையில் எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார். எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய திட்டு கிடையாது. கொஞ்ச நாளில் பாதித் தெரு இதே மரியாதையோடு வந்து துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனது.

பேசாமல் மெஷினை மூடி வைத்துவிடலாமே என்றார் வீட்டுக்காரர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது என் கைக்காசில் வாங்கிய மெஷின். அந்தச் சத்தம் இல்லாத வீட்டில் நான் என்ன செய்வேன்? சுவரைச் சரி பண்ணுங்கள், மெஷின் பக்கம் வராதீர்கள் என்று சொல்லிவிட்டேன்.

மேஸ்திரிகள் வந்தார்கள். வந்த மூன்று பேரும் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்கள், மூன்று விதமாகத் தொகை சொன்னார்கள். முதலாமவர் உப்பிய இடத்தை மட்டும் கொத்திவிட்டுப் பூசினால் போதும், செலவு குறைவு என்றார். ஒட்டுப் போட்டது தனியாகத் தெரியாதா என்று கேட்டதற்கு, அதனால் வீடு முழுக்கப் பெயிண்ட் அடித்துவிடலாம் என்றார், அது தனிக் கணக்கு. இரண்டாமவர் தட்டிய இடமெல்லாம் பூச்சு சுவரை விட்டு விலகியிருக்கிறது என்றார். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் பக்கத்து வீட்டையும் தட்டியிருப்பார். மாடி உயரத்துக்குச் சாரம் கட்ட மூங்கில் வாடகை, கட்டுகிற கூலி, கொத்திய குப்பையை அள்ள வண்டி, ஒரு லோடு மணல், அதைச் சலிக்க ஆள் என்று அடுக்கிக்கொண்டே போனார். பூசுகிற கூலி கடைசியில்தான் வந்தது.

மூன்றாமவர் உக்கடத்திலிருந்து வந்த பாய். நல்ல வாய்க்காரர். தொகையைச் சொல்லும் முன்னால், எந்தத் தண்ணீரில் கட்டிய வீடு என்று கேட்டார். வீட்டுக்காரர் உற்சாகமாக மோட்டாரைப் போட்டார். பாய் ஒரு வாய் வாங்கிக் கொப்பளித்துத் துப்பினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. சுவர் மட்டும் நிற்கும் என்று எந்தத் தைரியத்தில் நம்பினோம்?

உப்புத் தண்ணீரிலேயே பூசச் சொன்னாலும் பூசுவேன், காசும் வாங்கிக்கொள்வேன், இரண்டு மழைக்குப் பிறகு என்னைக் கூப்பிடக் கூடாது என்றார் பாய். குழைப்பதற்கும் நல்ல தண்ணீர் வேண்டும், பூசிய பிறகு ஒரு வாரம் நனைப்பதற்கும் நல்ல தண்ணீர் வேண்டும். தொண்டாமுத்தூர் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரை லாரியில் கொண்டுவர விசாரித்தோம். லாரிக்காரர் சொன்ன வாடகைக்கு இன்னொரு சுவரே எழுப்பலாம். மிச்சம் இருந்தது குழாயில் எப்போதாவது வருகிற சிறுவாணி ஆற்றுக் குடிநீர். கோவைக்காரரிடம் நகையைக்கூட இரவல் கேட்டுவிடலாம், சிறுவாணியைக் கேட்க வாய் வராது.

நான் கேட்டேன். இரண்டு குடம் சிறுவாணி கொடுத்தால் ஒரு சேலைக்குக் கீழ்க்கரையில் ஃபால்ஸ் துணி வைத்து அடித்துத் தருவது இலவசம் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். குடிக்கிற தண்ணீரைச் சுவருக்கு ஊற்றுவதா என்று முதலில் சிரித்தார்கள். பிறகு பீரோவுக்குள் தூங்கிக்கொண்டிருந்த சேலையெல்லாம் எழுந்து வந்தது. எதிர்வீட்டுக்காரி மாமியாருக்குத் தெரியாமல் ஒரே ஒரு குடத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பாதிச் சேலைக்காவது அடித்துக் கொடு என்று நின்றாள். டீச்சரம்மா வீட்டை மட்டும் குனிந்த தலையோடு தாண்டிப் போனேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவரிடம் கேட்பது?

சுவர் முழுவதையும் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசினார் பாய். வெயில் படாமல் சாக்குகளைத் தொங்கவிட்டு நனைத்தோம். வீட்டுக்காரர் ஏணியில் நின்று சொம்பு சொம்பாக ஊற்றினார், மோட்டாரைப் பற்றி ஒரு பேச்சில்லை. வாரம் பாதிகூடத் தாண்டவில்லை, எங்கோ பைப் உடைந்து சிறுவாணி வருவது நின்றுபோனது. தெருவில் யாரிடமும் மிச்சமில்லை. மத்தியான வெயிலில் சாக்கு காய்ந்து விறைத்தது. இப்போது காய்ந்தால் பூச்சு வெடித்துவிடும் என்று பாய் சொல்லியிருந்தார். போர் தண்ணீர் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு, ஊற்றவும் மனமில்லாமல் நின்றேன்.

கேட் திறந்தது. இடுப்பில் குடமும் கையில் ஒரு பையுமாக டீச்சரம்மா.

"எல்லார் ஊட்டுலயும் கேட்டீங்களாமா. எங்க ஊடு மட்டும் கண்ணுக்குத் தெரியலீங்களா?"

நான் வாளியைக் கீழே வைத்தேன். அவரே சொம்பை எடுத்து, எட்டிய இடமெல்லாம் சாக்கை நனைத்தார். எட்டாத இடத்துக்கு நான் ஏணியில் ஏறி ஊற்றினேன். குடம் காலியானதும் பையிலிருந்து ஒரு பட்டுத் துணியை எடுத்து நீட்டினார். சின்ன மகளுக்கு ஜாக்கெட்டாம்.

நான் வாங்கவில்லை. "மழை ஒண்ணு அடிக்கட்டுமுங்க டீச்சர். செவுரு தாங்குதான்னு பாத்துப்போட்டுக் குடுங்க."

"மழை வரைக்கும் நீங்க சும்மா உக்காந்திருப்பீங்களாக்கும்? புடிங்க கண்ணு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பட்டை வாங்கினேன். சின்னவளுக்குப் பஃப் கை வைக்கட்டுமா என்று கேட்டேன்.