என் ஆபரேஷனுக்கு யார் கையெழுத்து

இரண்டாவது பிரசவத்துக்கு நான் அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்ந்தபோது என் வீட்டுக்காரர் கடலில் இருந்தார். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் காய்கறியும் ஏற்றிப்போகும் தோணியில் அவருக்கு என்ஜின் வேலை. புறப்பட்டால் கரை சேரும்வரை போன் கிடைக்காது. மூத்தவள் பிறந்தபோதும் அப்படித்தான். அதில் எனக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லை; பிள்ளை பெறுவது நான்தானே.

இதோடு போதும் என்று ஐந்தாம் மாதத்திலேயே முடிவு செய்துவிட்டேன். ஜவுளிக்கடையில் பில் போடும் வேலையை மூன்றாவது தடவையும் விட்டுவிட்டு வீட்டில் உட்கார எனக்கு மனமில்லை. மகன் பிறந்த மறுநாள் காலையில், குடும்பக்கட்டுப்பாடு செய்துகொள்கிறேன் என்று நர்ஸிடம் சொன்னேன். அவர் சந்தோஷமாகத்தான் ஃபாரத்தை எடுத்தார்.

"ஒங்க வீட்டுக்காரர் எங்கம்மா? கையெழுத்துப் போடணும்லா."

"அவுக தோணிக்குப் போயிருக்காவ சிஸ்டர். வர இருபது நாளாவும்."

"அப்ப அவர் வந்த பொறவு பாப்போம்."

அவர் வந்த பிறகு கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு மறுபடி நான் அலைய வேண்டும். பக்கத்தில் இருந்த என் மாமியார் நல்ல மனசோடு, "நான் போடட்டுமா சிஸ்டர்? அவனப் பெத்தவதான" என்று பேனாவுக்குக் கை நீட்டினார். எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. வயிறு என்னுடையது, வலி என்னுடையது. கையெழுத்து மட்டும் இன்னொருவருடையதா? என் வீட்டுக்காரர் மறுக்கிற ஆளும் இல்லை. வந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

ஃபாரத்தை வாங்கி ஒவ்வொரு வரியாக வாசித்தேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நானே எடுத்த முடிவு இது என்று அதில் அச்சடித்திருந்தது. புருஷன் கையெழுத்துக்கு அதில் இடமே இல்லை. வார்டைச் சுற்றிவந்த டாக்டரம்மாவிடம் அதை நீட்டினேன்.

"இதுல எங்கன மேடம் அவுக போடணும்?"

டாக்டரம்மா வாசித்துப் பார்த்தார். "இவங்க கையெழுத்து போதும் சிஸ்டர்."

"எப்பமும் வாங்குவோம், அதான் கேட்டேன்" என்று நர்ஸ் முணுமுணுத்தார். நான் பேனாவை அழுத்திப் பிடித்து என் முழுப் பெயரையும் எழுதினேன். அன்றைக்கே ஆபரேஷன் முடிந்தது.

அடுத்த கட்டிலில் பெரியதாழை ஊர்க்காரி ஒருத்தி. என்னைவிடச் சின்னவள், அவளுக்கு இரண்டாவதும் பெண் பிள்ளை. ஆபரேஷன் வேண்டாம் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். நர்ஸ் விடுவதாக இல்லை. சம்மதிக்காமல் எப்படி வீட்டுக்குப் போவாய், பார்க்கிறேன் என்றுகூட மிரட்டினார். ஜெயித்த மிதப்பில் படுத்திருந்த நானும் சேர்ந்துகொண்டேன்.

"ஏளா, ரெண்டு போதும்லா? ஆம்பளப் புள்ளைக்கா காத்துக்கிட்டு இருக்க? பேசாம பண்ணிக்கோ. எனக்கு என்ன ஆயிட்டு?"

அவள் பால் கொடுத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். "ஆணோ பொண்ணோ, எனக்குப் புள்ளைன்னா ஆசக்கா. நீங்க வேணும்னு சொன்னப்ப, ஒங்க வீட்டுக்காரர் வந்து சொல்லணும்னாவ. சண்ட போட்டிய. நான் வேண்டாம்னு சொல்லுதேன், இப்ப நீங்க வந்து வேணும்னு சொல்லுதிய. இது என்ன நியாயம்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் நர்ஸ் மறுபடியும் வந்தார். அவளிடம் கொஞ்ச நேரம் பேசிப் பார்த்துவிட்டு, என்னைத் துணைக்குக் கூப்பிட்டார்.

"நீங்களாவது இவளுக்கு எடுத்துச் சொல்லுங்கம்மா."

"அவகிட்ட கேட்டியளா சிஸ்டர்?"

"எத்தன தடவ கேக்க? வேண்டாம்னே சொல்லுதா."

"அப்ப கேட்டாச்சுல்லா" என்றேன்.