கரண்ட் போனால் உன் முறை

விசைத்தறிகள் நான்கையும் பழைய இரும்புக்காரர் லாரியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு, கொட்டகையைக் கூட்டித் தள்ளுவதற்காகத் தேவசேனா புத்தூரிலிருந்து நகரிக்கு, பிறந்த வீட்டுக்கு வந்தாள். தறிகள் நின்ற இடத்தில் எண்ணெய் ஊறிய நான்கு கறுப்புச் சதுரங்கள். மூலையில் ஒரு பால்பவுடர் டப்பா. அதற்குள் துருப்பிடித்த ஸ்பேனர்கள், அவற்றுக்கு அடியில் அந்த வீடியோ கேம்.

உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய சாம்பல் நிறப் பெட்டி. மேலிருந்து கட்டைகள் விழும். அவற்றைத் திருப்பி, நகர்த்தி, வரியை நிரப்ப வேண்டும். நிரம்பிய வரி மறைந்துவிடும். 1998-ல் அவள் அப்பா நாகபூஷணம் மெட்ராசுக்குத் துணி கொண்டுபோனபோது பர்மா பஜாரில் வாங்கி வந்தது. அவளுக்குப் பதின்மூன்று வயது, அண்ணன் தமிழ்வேந்தனுக்குப் பதினைந்து. இரண்டு பேருக்கும் பொது என்றுதான் கொடுத்தார்.

அண்ணன் ஏமாற்றுக்காரன் இல்லை. ஒரு சட்டம் போட்டான்: கரண்ட் போனால் அவள் முறை. கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் அவள் தார் சுற்றும் மிஷின் முன்னால் உட்கார்ந்து, தறிக்கு வேண்டிய நூலைக் குழல்களில் ஏற்றிக்கொண்டிருப்பாள். கரண்ட் போனதும் தறிச் சத்தம் அடங்கும். வாசல்படியில் உட்கார்ந்து கேம் ஆடிக்கொண்டிருந்தவன் எழுந்து உள்ளே வந்து, சொன்ன சொல் மாறாமல் பெட்டியை அவள் கையில் வைப்பான்.

கொட்டகைக்கு ஒரே ஜன்னல். அதையும் நூல் மூட்டைகள் அடைத்திருந்தன. கரண்ட் எந்த நிமிஷமும் திரும்பி வரும், ஆள் இல்லாமல் மிஷின் ஓடினால் நூல் சிக்கும் என்று அவளை எழுந்திருக்க விடமாட்டார்கள். அந்தத் திரைக்கோ சொந்த வெளிச்சம் கிடையாது. மடியில் வைத்துக்கொண்டு அவள் பட்டனை அழுத்துவாள். கட்டை இறங்கும் சத்தம் கேட்கும். கொஞ்ச நேரத்தில் ஆட்டம் முடிந்துபோன பாட்டு கேட்கும். அண்ணன் பெட்டியை வாங்கி வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்ப்பான்.

"முந்நூறு. உனுக்கு வராதுடி சேனா."

அவனுடைய உச்சம் நாற்பத்தெட்டாயிரத்து இருநூறு. பெட்டியின் முதுகில் காம்பஸ் முள்ளால் அதைக் கீறி வைத்தான்.

டென்த்தில் அவள் செகண்ட் கிளாஸ். அதற்கு மேல் இன்டர் இரண்டு வருஷம் படிக்கக் காலேஜில் சேர்த்துவிடச் சொல்லி அழுதபோது அப்பா சொன்னார்: "இந்த டப்பாவுலயே நாலு வரி சேக்கத் தெரியல. இன்டர் பட்ச்சி இன்னா கிழிக்கப்போறே?"

அவள் அழுகையை நிறுத்திவிட்டாள். அவர் சொன்னது சரி என்றே அவளுக்குப் பட்டது.

அண்ணன் படித்து பெங்களூர் போனான். அவள் தார் சுற்றினாள். பிறகு புத்தூரில் மாவு மில் வைத்திருந்த வேதாச்சலத்தைக் கட்டிக்கொண்டாள். ஒன்பது வருஷமாக ரேணிகுண்டா பக்கம் ஒரு சார்ஜர் கம்பெனியில் சால்டரிங் வேலை. அவள் வைக்கிற ஈயப்பொட்டு அந்த லைனிலேயே சுத்தமானது. ஆனாலும் டிப்ளமா படித்த புதுப்பெண்தான் லைன் லீடராக வருவாள். ஒரு வாரம் தேவசேனாவிடம் வேலை கேட்டுத் தெரிந்துகொண்டு, மறு வாரம் அவளையே விரட்டுவாள். அப்போதெல்லாம் அப்பா சொன்ன டப்பாதான் அவளுக்கு நினைவுக்கு வரும். முந்நூறு வாங்குகிறவளுக்கு இதுவே அதிகம் என்று நினைத்துக்கொள்வாள்.

இப்போது அந்த டப்பா கையில் இருந்தது. பகல் வெளிச்சமும் இருந்தது. ஒரே ஒரு தடவை கண்ணால் பார்த்து ஆடி, தனக்கு வருமா வராதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆடிக் கிருத்திகைக்கு அண்ணன் வருவதற்குள்.

அது லேசில் நடக்கவில்லை. உள்ளே விட்டிருந்த செல் கசிந்து ஸ்பிரிங்கெல்லாம் பச்சை பூத்திருந்தது. எலுமிச்சம்பழம் தேய்த்து, உப்புத்தாளால் சுரண்டினாள். சிவப்பு ஒயர் கையோடு வந்துவிட்டது. கம்பெனிக்குள் எதையும் எடுத்துப்போக விடமாட்டார்கள், கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பதால் சொந்தமாக ஒரு சால்டரிங் அயர்ன் வாங்கினாள். திரை உயிர்பெற்றபோது மூன்றாவது நெடுங்கோடு வரவில்லை. அங்கே விழுந்த கட்டை அப்படியே காணாமல் போகும். இடது பட்டனுக்கு அடியில் இருந்த ரப்பர் தேய்ந்திருந்தது. பிஸ்கட் பாக்கெட்டின் வெள்ளித்தாளைப் பொட்டளவு வெட்டி ஒட்டினாள். இரண்டு நாள் வேலை செய்தது. மூன்றாம் நாள் கழன்றுகொண்டது. மறுபடி ஒட்டினாள். இந்தத் தடவை ஒருமுறை அழுத்தினால் இரண்டுமுறை நகர்ந்தது.

முதல் ஆட்டம் ஆயிரத்து நூறு. அடுத்தது எழுநூறு. பெட்டியைச் சுவரில் அடிக்க ஓங்கினாள்.

"அதுங்கூட இன்னா சண்ட உனுக்கு? என் போன்ல நூறு கேம் கீது, எடுத்து ஆடேன்" என்றார் வேதாச்சலம்.

"நூறு யாருக்கு வோணும்?"

கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டு இந்திராணி எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா, கால்குலேட்டர்ல கட்ட அடுக்கினு கீறே?" பஸ் முழுக்கச் சிரித்தது. தேவசேனா தலை நிமிரவில்லை. வராத கோட்டில் என்ன கிடக்கிறது என்பதை மனசில் வைத்துக்கொண்டு ஆடப் பழகினாள். ஆறு வாரம் ஆயிற்று. ஒரு நாள் காலையில், வடமாலப்பேட்டையில் பஸ் நின்றபோது, ஐம்பத்தோராயிரத்து முந்நூறு.

செல்லைக் கழற்றினால் எண் அழிந்துவிடும். பெட்டியைக் கைக்குட்டையில் சுற்றியே வைத்திருந்தாள்.

கிருத்திகைக்கு மறுநாள் நகரி வீட்டில் சாப்பாடு. அப்பாவும் அண்ணனும் தரையில் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் சாம்பாரை ஊற்றிவிட்டு, பெட்டியை அண்ணன் தட்டின் பக்கத்தில் வைத்தாள்.

"அட! இது இன்னும் உயிரோட கீதா?"

"ஸ்கோரப் பாருண்ணா."

பார்த்தான். முதுகுப்பக்கம் திருப்பித் தன் கீறலைப் பார்த்தான். "ஏய், என்னத் தாண்டிட்டியே! பாத்தியா, அன்னிக்கி நான் டெய்லி குடுத்துப் பழக்குனதுதான்."

"எப்போ குடுத்தே?"

"கரண்ட் போனா உனுக்குத்தானே? என்னிக்காவது ஏமாத்திகீறேனா?"

"என் ஸ்கோரப் பாக்க வாசலுக்கு எடுத்துகினு போவியே, ஏன்?"

"உள்ள ஒண்ணும் தெரியாதே, இருட்டு…" சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். பிறகு சிரித்துவிட்டான். "அட, ஆமா இல்ல!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவிடம் திரும்பினாள். "நைனா, நீ இத வெச்சித்தானே என்ன இன்டருக்கு அனுப்பல?"

நாகபூஷணம் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுப் பெட்டியைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"இந்த பொம்ம மிஷின வெச்சா? போனீலே, விடும்மா, யாரானா அப்டிப் பண்ணுவாங்களா? உங்கம்மாவுக்கு இழுப்பு. தார் சுத்த ஆள் இல்ல. நீயும் காலேஜு போய்ட்டா நாலு தறியும் நின்னுபூடும். அதான் நிறுத்துனேன்."

"அப்போ எனக்கு மூள இல்லன்னு ஏன் சொன்னே?"

"சொன்னனா?" கொஞ்சம் யோசித்தார். "நீ அழுதுகினு இருந்தே. எதனா ஒண்ணு சொல்லணும். வாயில வந்தத சொல்லியிருப்பேன்."

ஆறு வார உழைப்பும் ஐம்பத்தோராயிரத்து முந்நூறும் யாரும் கேட்காத கேள்விக்குப் பதிலாக அங்கே கிடந்தன. அண்ணன் அதற்குள் பெட்டியை எடுத்து ஆட ஆரம்பித்திருந்தான். "ஏய், நடுவுல ஒரு கோட்டயே காணோம். எப்டிடி ஆடுனே இதுல?"

"தறிக்கு ஆள் இல்லன்னு அன்னிக்கே சொல்றதுதானே, நைனா."

"சொல்லியிருந்தா?"

"சண்ட போட்டிருப்பேன். தறி நின்னா நிக்கட்டும்னு கத்தியிருப்பேன். அறிவில்லன்னு சொன்னதாலதானே வாய மூடினு உக்காந்தேன்?"

"அதுக்கின்னா, இப்போ போடு" என்று சிரித்தபடி அவர் ரசத்துக்குக் கை நீட்டினார்.

தேவசேனா ரசக் குண்டானைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். அவருக்கு நேர் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"போடத்தான் போறேன்" என்றாள். "அண்ணா, அதக் கீழ வை. நீயும் கேளு."