அமிர்தவல்லி பிடித்த கயிறு

அணுபுரத்து அமிர்தவல்லிக்கு உயரம் என்றாலே பயம். பால்கனியில் துணி உலர்த்துவதுகூட வீட்டுக்காரர் வேலைதான். பொங்கல் லீவில் மகள் அனு விடாப்பிடியாகத் திருக்கழுக்குன்றம் மலைக்கு இழுத்துப்போனாள். படிகளைத் தவிர வேறெதையும் பார்க்காமல், மகளின் துப்பட்டாவைப் பிடித்தபடியே ஏறி இறங்கினாள் அமிர்தவல்லி.

சாயங்காலம் அனு சுவரேறப் பழகும் விளையாட்டு கிளப். இனித் தரைதானே என்று மூச்சுவிட்டவள் கையில் பயிற்சியாளர் கயிற்றைக் கொடுத்தார். மறுமுனை, சுவர் உச்சியிலிருந்த வளையம் வழியாக வந்து, அனுவின் இடுப்பில். பெற்றவர்களைக் கயிறு பிடிக்கவைப்பது அங்கே வழக்கமாம். பாழாய்ப்போன வழக்கம்! அனு செங்குத்துச் சுவரில் பல்லிபோல் ஏறினாள். கீழே நின்று பார்க்கும் உயரம் இன்னும் கொடுமையாக இருந்தது.

உச்சியைத் தொட்டதும் அனு கத்தினாள்: "கயித்த வுடும்மா, நான் எறங்கணும்!"

"மெதுவா வுடுங்கம்மா, நானும் புடிச்சிகினுதான் கீறேன்" என்றார் பயிற்சியாளர்.

அமிர்தவல்லியின் விரல்கள் விரியவே மாட்டேன் என்றன.