சந்தனம்மாள் விழுங்கிய தும்மல்கள்

எம்.ரெட்டியபட்டிக்கு ரோடு பிரியும் விலக்கில் இட்லிக்கடை வைத்திருந்த சந்தனம்மாள் தும்மி யாரும் பார்த்ததில்லை. மூக்கு அரித்தால் முந்தானையால் இறுக்கிப் பிடித்து, கண்ணில் நீர் முட்ட அப்படியே உள்ளே விழுங்கிவிடுவாள். சாப்பாட்டுக்கடைக்காரி இட்லிப்பானை முன்னால் தும்மலாமா? ஒருத்தன் முகம் சுளித்தால் போதும், மறுநாள் அத்தனை பேரும் எதிர்த்த கடையில் உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம் அவளிடம் பேச யார் இருக்கிறார்கள்? புருஷன் சின்னச்சாமி போய்ச் சேர்ந்து பதினெட்டு வருடம். பிள்ளை இல்லை. "இன்னும் ரெண்டு வைங்க" என்பதுதான் ஒரு நாளில் அவள் காதில் விழும் பேச்சு.

தொண்ணூற்றிரண்டு மாசியில், விறகு ஏற்றி வந்த வண்டியிலிருந்து இறங்கும்போது கால் இடறி நெற்றி தரையில் மோதியது. காயத்தில் காப்பித்தூளை அப்பிக்கொண்டு மறுநாளே கடையைத் திறந்தாள். நாலு நாள் கழித்து, ஊதுகுழலோடு அடுப்பில் குனிந்தால் வலது மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. உதட்டில் பட்டால் உப்புக் கரித்தது. நீர்க்கோவை என்று சுக்குத்தண்ணி குடித்தாள். ஒரு சொட்டு மாவில் விழுவதை எவனாவது பார்த்தால் கடையை மூட வேண்டியதுதான். அதனால் மூக்கை முந்தானையால் கட்டிக்கொண்டு ஊதினாள். வந்த தும்மலை எல்லாம் வழக்கம்போல் அமுக்கினாள். வீம்புக்காரி.

பத்தாம் நாள் தலைக்குள் சத்தம் கேட்டது. தலையை அசைத்தால் களக், களக் என்று, அரைக்குடம் தண்ணீர் தளும்புகிற மாதிரி. கூடவே மண்டையைப் பிளக்கும் வலி. இதைப் போய் யாரிடம் சொல்ல? தினமும் நாலு இட்லி தின்றுவிட்டு வாயே திறக்காமல் எழுந்து போகும் ஆட்டுக்கார மொக்கையனிடமா? கிறுக்கு பிடித்துவிட்டது என்பார்கள். சொல்லாமலே இருந்தாள். அதிலிருந்து மூன்றாம் நாள் காலையில் அடுப்பு முன்னால் சரிந்தாள். மொக்கையன்தான் பஸ்ஸை மறித்து ஏற்றிவிட்டான். ஆடுகளை விட்டுவிட்டு அவனால் கூடப் போக முடியவில்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தில் கருப்பாக இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"மூக்குக்கு மேல மண்டையோட்டுல மயிரிழை மாதிரி விரிசல். மூளையைச் சுத்தி இருக்கிற தண்ணிதாம்மா மூக்கு வழியா சொட்டியிருக்கு. நீங்க மூக்கைப் பொத்திப் பொத்தித் தும்மினதுல, காத்து அது வழியா உள்ள ஏறிக்கிச்சு. இந்தக் கருப்பு பூராம் காத்து."

தலைமாட்டை உயர்த்திப் படுக்கவைத்து, முகத்தில் பிராணவாயுக் குழாய் மாட்டினார்கள். மூக்கு சிந்தக்கூடாது, முக்கக்கூடாது, கனமாக எதையும் தூக்கக்கூடாது. விரிசல் தானாக மூடிக்கொண்டால் உள்ளே போன காற்றை உடம்பே கரைத்துவிடும். மூடாவிட்டால் ஆபரேஷன். அதற்குக் கையெழுத்துப் போட ஆள் வேண்டும்.

"கூட யாரும்மா வந்திருக்காங்க?" என்று நர்சு தினமும் கேட்டாள்.

"நாளைக்கு வந்துருவாக."

பன்னிரண்டு நாளும் அதே பதில்தான். மாலையில் பார்வையாளர் நேரம் வந்தால் பக்கத்துக் கட்டில்களைச் சுற்றிச் சொந்தபந்தம் தூக்குவாளியோடு நிறைந்துவிடும். சந்தனம்மாள் வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். யாரும் வரமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரிந்தும் பார்த்தாள்.

கையெழுத்துக்கு வேலை இல்லாமலே விரிசல் மூடியது. மூக்கில் சொட்டுவது நின்றது. அடுத்த படத்தில் கருப்பு அநேகமாக மறைந்திருந்தது. "ஊதுகுழலைத் தொடாதீங்க. தும்மல் வந்தா வாயைத் திறந்து தும்முங்க, அடக்கவே கூடாது" என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து தலையை மெல்ல ஆட்டிப் பார்த்தாள். சத்தம் இல்லை. வீட்டிலும் இல்லை.

மறுநாள் கடை திறந்தாள். அட்டையால் விசிறினால் வேலிக்கருவை விறகு எங்கே பற்றுகிறது? புகைதான் மண்டியது. பெஞ்சில் மொக்கையன் மட்டும் உட்கார்ந்து முதல் ஈடு இட்லிக்காகக் காத்திருந்தான். மூக்கு அரித்தது. பழைய பழக்கத்தில் முந்தானைக்குப் போன கையை இழுத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பி, வாயைத் திறந்து கடையே அதிரத் தும்மினாள். அவமானத்தில் கூசிப்போய் நின்றாள்.

"நூறு" என்றான் மொக்கையன்.

தும்மினால் நூறு வயசு என்று வாழ்த்துவது ஊர் வழக்கம். அவளுக்கு அதைச் சொன்ன கடைசி ஆள் அவள் அம்மா.

"நூறா?" என்றாள். "இப்படி ஒத்தையிலயா மொக்கையா?"

அவன் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, அடுப்பு முன்னால் குந்தி, ஊதுகுழலை எடுத்து ஊத ஆரம்பித்தான்.