காப்பிக்காட்டுப் பாட்டுக்காரம்மா

ஏற்காடு பஸ் நிலையத்தருகே நான் கேசட் கடை வைத்திருந்த காலம். கிளியூர்த் திருவிழாவில் ஒரு பெண் பாடியதை யாரோ பதிந்துவந்து கொடுக்க, அதைப் பிரதி எடுத்து விற்றுக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலை கடையில் அந்தக் கேசட் ஓடிக்கொண்டிருந்தபோது, இடுப்பில் சாக்குக் கட்டிய நெடிய பெண்ணொருத்தி கடைமுன் நின்றார். காப்பிக் கறை படிந்த அவர் விரல்கள் சும்மா இராமல் தாளம் போட்டுக்கொண்டே இருந்தன.

"ஏனுங்க, இது என்ற கொரலுங்க."

"யாரு வேணும்னாலும் அப்படிச் சொல்லலாங்க" என்று சிரித்தேன்.

உடனே அவர் கேசட்டோடு சேர்ந்து பாடத் தொடங்கினார். நான் பதறிப்போய் டேப்பை நிறுத்தினேன், பாட்டு நிற்கவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் கூடிவந்து கைதட்டினார்கள்.

"பழம் பறிச்சா எஸ்டேட்டுல கூலி தர்றாங்க. பாடுனா மட்டும் கூலி இல்லீங்களா?"

இனி விற்பதில் பாதி அவருக்கு, அட்டையில் அவர் பேர் என்று அத்தனை பேர் முன்னாலும் ஒப்புக்கொண்டேன். மறுபடி கைதட்டல்.

அவர் கிளம்பவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"மூணாவது அடியில நொம்ப மூச்சு வாங்கிருச்சுங்க. நல்லாப் பாடறேன், புதுசாப் பதிஞ்சுக்குங்க."

அத்தனை பிரதி எடுத்த என் காதில் அந்த மூச்சு ஒருமுறைகூட விழுந்ததில்லை.