மஞ்சள் தொட்ட சேலை

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் சிவமணியின் வீடு. முற்றத்தில் ஒரு ஜம்பு மரம். இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிறு அந்த மரத்தடியில் பழைய சாமான் விற்கிற சேல் நடக்கும். வருகிற பணம் தாய்மார் சங்கத்துக்கு. ஆமி, பொலிஸ் சுற்றிவளைப்புகளில் பிடிபட்டுக் களுத்துறைச் சிறையில் கிடக்கிற பிள்ளைகளைப் பார்க்க வான் பிடிப்பதும், அவர்களுக்குச் சவர்க்காரம், பிஸ்கற், உடுப்பு வாங்குவதும் அந்தச் சங்கத்தின் வேலை. சிவமணியின் ஒரே மகன் நிமலனும் அங்கேதான் இருந்தான். தவணைக்கு மேல் தவணையாக வழக்கு இரண்டு வருடம் இழுபட்டுவிட்டது.

சேலுக்குச் சாமான் இல்லாமல் போனதே கிடையாது. சனம்தான் நாட்டை விட்டுப் போய்க்கொண்டே இருந்ததே. கனடாவுக்குப் போகிறவர்கள் அலுமாரியைத் தலையில் வைத்துக்கொண்டா போவார்கள்? ஆனால் போகிறோம் என்று ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். யாராவது மொட்டைக் கடிதம் போட்டு விமான நிலையத்தில் மறித்துவிடுவார்கள் என்ற பயம். விடியற்காலையில் ஓட்டோ வந்து கேற்றடியில் சாமானை இறக்கிவிட்டுப் போகும். யாருடையது என்று சிவமணி கேட்கமாட்டாள், தெரிந்தாலும் தெரியாதவள் போல இருந்துவிடுவாள். சங்கத்துப் பெண்கள் குசுகுசுத்தால் அதட்டுவாள்.

"பயணம் சரிவருமட்டும் பெத்த தாய்க்கும் சொல்லக்கூடாது. எங்கட சேலாலை ஒருத்தற்றை பயணமும் குழம்பக்கூடாது."

தன் வாய்க்கட்டுப்பாட்டில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சேலில் அவளுக்கு வலது கை கௌரி. அடுத்த ஒழுங்கைக்காரி, சம்பந்தியாக வேண்டியவள். கௌரியின் மகள் வதனிக்கும் நிமலனுக்கும் கலியாண எழுத்து, அதாவது பதிவு, வைக்க நாள் குறித்திருந்த கிழமையில்தான் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எழுத்துக்கென்று சிவமணி வாங்கிய மாம்பழ நிறப் பட்டுச் சேலை அதற்கு முன்பே பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அவனைக் கொண்டுபோனதும் சிவமணி அழுதுகொண்டு நின்ற அன்று, "அது இருக்கட்டும் அக்கா, நிமலன் வந்து நிக்கேக்கை உடுப்பாள்," என்றாள் கௌரி.

அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் தாயும் மகனும் காலத்தைத் தள்ளினார்கள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று நிமலன் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் வதனியைப் பற்றியது. ஒருமுறை அவன் சாப்பாட்டை வெறுத்து எலும்பும் தோலுமாகிப் போனபோது, வதனியின் பெயரைச் சொல்லித்தான் அவனைச் சாப்பிட வைக்க முடிந்தது.

இந்த முறை சேலுக்கு ஒத்தாசை செய்ய வதனி வரவில்லை.

"கல்கிசையிலை பெரியம்மா வீட்டை நிண்டு படிக்கிறாள். சோதினை கிட்டுது," என்றாள் கௌரி. சிவமணி நம்பினாள். நம்பாமல் இருக்க அவளுக்கு ஒரு காரணமும் இல்லை.

அன்று விடிய வந்த சாமான்களில் ஒரு தகரப் பெட்டியும் இருந்தது. கொம்பனித்தெருவிலிருந்து ஒவ்வொரு சேலுக்கும் வருகிற பஹ்மியா அதைத் திறந்து கிளறினாள். பழைய பள்ளிக்கூடச் சட்டைகள், படுக்கை விரிப்புகள், எல்லாவற்றுக்கும் அடியில் தலையணை உறையில் சுற்றிய ஒரு பொதி. பிரித்தாள். மாம்பழ நிறப் பட்டு.

"ஒரு தரமும் உடுக்கல்ல போல. என்ன வெலக்கி குடுப்பீங்க?"

சிவமணி மூலையைத் திருப்பிப் பார்த்தாள். புதுச் சேலை கொடுக்கும்போது மூலையில் மஞ்சள் தொட்டு வைப்பது வழக்கம். அவள் விரலால் தொட்டு வைத்த மஞ்சள் மங்கிப்போய் அங்கேயே இருந்தது.

பிரம்புக் கதிரைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்த கௌரி அப்போதுதான் கண்டுவிட்டு ஓடிவந்தாள்.

"அடிவரை பாக்காமல் அனுப்பிப்போட்டன் அக்கா."

செய்ததற்கு அவளுக்கு வருத்தமில்லை, பெட்டியைப் பார்க்காமல் விட்டதற்குத்தான் வருத்தம்.

"வதனி எங்கை?" என்றாள் சிவமணி.

கௌரி நிலத்தைப் பார்த்தாள். "வியாழக்கிழமை கனடாவுக்குப் போயிட்டாள். மாப்பிளை அங்கை. நாங்களும் கெதியிலை போயிடுவம். பயணம் சரிவருமட்டும் பெத்த தாய்க்கும் சொல்லக்கூடாதெண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்."

கௌரியின் கன்னத்தில் ஒன்று கொடுக்கலாமா என்று சிவமணிக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் என்ன சொல்லித் திட்டுவது? எத்தனை வீட்டுப் பொய்களை அவள் வாயை மூடிக்கொண்டு காப்பாற்றியிருக்கிறாள். அதில் ஒன்று தன் பிள்ளையின் தலையில் வந்து விழும் என்று ஒருநாளாவது நினைத்தாளா?

பஹ்மியாவுக்கு ஏதோ விளங்கியிருக்க வேண்டும். "வேணாண்டா உட்டுடுங்க," என்று சேலையை மடித்தாள்.

"இல்லை, கொண்டு போங்கோ. விரும்பினதைத் தாங்கோ."

வீட்டுக்குள் எடுத்து வைத்தால் அலுமாரியைத் திறக்கும் நேரமெல்லாம் அதன் முகத்தில் விழிக்க வேண்டும். பஹ்மியா தந்ததை எண்ணிப் பார்க்காமல் சங்கத்து உண்டியலில் போட்டாள். கௌரி இன்னும் அங்கேயே நின்றாள்.

"கதிரைக்கு ஆள் நிக்குது. போய்ப் பாரும்," என்றாள் சிவமணி.

அடுத்த கிழமை சங்கத்து வான் களுத்துறைக்குப் போனது. தன் மகனைப் பார்க்கப் போகிற வான் கூலியில் அந்தச் சேலையும் இருக்கிறது என்ற நினைப்பு வழி முழுக்க அவளை அரித்தது. உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் முடிவு செய்திருந்தாள். எப்படித் தொடங்குவது என்றுகூட மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

நிமலன் வலையில் விரல்களைக் கொளுவிக்கொண்டு நின்றான். முகம் சவரம் செய்து துப்புரவாக இருந்தது.

"வதனி எப்பிடியம்மா?"

சிவமணி அவன் விரல்களைப் பார்த்தாள்.

"கல்கிசையிலை பெரியம்மா வீட்டை நிண்டு படிக்கிறாள். சோதினை கிட்டுது."

"வடிவாய்ப் படிக்கச் சொல்லுங்கோ," என்று அவன் சிரித்தான்.

"ஓம், சொல்லுறன்," என்றாள்.